பூட்டுக்காரரின் வலது முட்டி

கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நாலு எட்டு நடந்துபோய், திரும்பி வந்து, மறுபடியும் இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. இவர் இரண்டு ரகத்திலும் சேர மாட்டார். இத்தனை தடவை இழுத்ததில் பூட்டுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று திறந்து சரிபார்த்துவிட்டு, முதலிலிருந்து பூட்டுகிற ரகம்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் பூட்டுதான். வயதில் சின்னவர்களுக்குப் பூட்டு அண்ணா, மருந்துக்கடை மாமாவுக்கு வெறும் பூட்டு. சம்பளச் சீட்டில்கூட அப்படித்தான் அச்சாகி வந்தது என்பார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

அவர்மேல் தப்புச் சொல்லவும் முடியாது. அண்ணன்மார் ஒரு பட்டாளமாக இருந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவர். அந்த வீட்டில் இருந்தது ஒரே அலமாரி, அதற்கும் கதவு கிடையாது. இவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஓர் அண்ணன் வேலைக்கு மனுப்போடப் போவான், இவருடைய பென்சிலால் இன்னோர் அண்ணன் காது குடைவான். அவருக்கென்று சொந்தமாக இருந்தவை பற்கள் மட்டும்தான். அதிலும் முன்பல் ஒன்றை மூத்தவன் ஒரு சண்டையில் எடுத்துக்கொண்டான். அப்படி வளர்ந்த பிள்ளை கையில் ஓர் ஆஸ்பத்திரியின் அத்தனை கணினிகளையும் கொடுத்து, "பார்த்துக்கோப்பா" என்றால் என்ன செய்யும்? பூட்டத்தான் செய்யும்.

ஆனாலும் முதலில் அவர் கொஞ்சம் தயங்கினார். தயக்கத்தைப் போக்கியவர் கண் டாக்டர். நோயாளிகள் காத்திருக்கும்போது பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று, எங்கிருந்தோ ஒரு மீன்தொட்டிப் படத்தைத் தன் கணினியில் இறக்கினார். மீன் என்றால் நீந்தத்தானே செய்யும்? கண் மருத்துவத்திலிருந்து எலும்புக்கு நீந்தியது, எலும்பிலிருந்து பிரசவ வார்டுக்கு. சாயங்காலத்துக்குள் எல்லா மாடியிலும் மீன். பரிசோதனைக்கூடத்தின் பிரிண்டர் ஒருவருடைய ரத்த அறிக்கையை அடித்தபோது, சர்க்கரை அளவு இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆரஞ்சு மீன் வாயைத் திறந்துகொண்டு நின்றதாம். அதை வாங்கிப் பார்த்த டாக்டர் ஒருவர், "கொஞ்சம் அதிகம்தான், நடக்கணும்" என்றாராம்.

மறுநாள் பூட்டு எல்லாருடைய உரிமையையும் பிடுங்கிவிட்டார். இனிமேல் ஊழியர்கள் வெறும் பயனர்கள். மாமியார் ஆளும் சமையலறையில் புது மருமகள் இருப்பாளே, அந்த அந்தஸ்து. உள்ளே வரலாம், நிற்கலாம், அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். உப்பு டப்பாவை நகர்த்தினால் திரையில் வரும்: 'அனுமதி மறுக்கப்பட்டது.'

மருந்துக்கடைக் கணினியின் கடிகாரத்துக்கு பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு நாளும் அது ஏதோ பழைய வருஷத்தில் கண்விழிக்கும். முன்பெல்லாம் மாமாவே தேதியைத் திருத்திக்கொள்வார். இப்போது அதற்கும் அனுமதி மறுக்கப்பட்டது. பூட்டு வந்து திருத்தும்வரை காலாவதியான மாத்திரைகள் எல்லாம் இளமை திரும்பி உட்கார்ந்திருக்கும். "எனக்கும் அந்த கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கு போட்டுக் குடுப்பா பூட்டு, நானும் காலையில கொஞ்ச நேரம் வாலிபனா இருந்துக்கறேன்" என்பார் மாமா.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து, நோயாளிகளைப் பதிவுசெய்யும் சாஃப்ட்வேரில் நடந்தது. அதை எழுதிய புத்திசாலி எந்த நாட்டில் இருக்கிறானோ தெரியாது. பெயரைத் தட்டிய மாத்திரத்தில், மேற்கொண்டு எதையும் கேட்காமல், 'ஆண், இடது பக்கம்' என்று தானாகவே ஒரு பதிவைப் போட்டு எல்லா மாடிக்கும் அனுப்பிவிடும். பிறகு நாம் மாற்றுவதெல்லாம் திருத்தக் கணக்கில் சேரும். அந்தத் திருத்தத்தை அது தன்னுடைய சொந்த ஃபோல்டரில் எழுதிவைக்கும். அங்கே எழுதவோ பயனருக்கு உரிமை இல்லை. கணினி என்ன செய்யும்? முடியாது என்று முகத்திலடித்தாற்போல் சொன்னாலாவது புரியும். அது நாசூக்கான ஜாதி. குழந்தை கையில் பழைய காகிதத்தைக் கொடுத்து "கிறுக்கிக்கோ கண்ணு" என்கிற மாதிரி, ஒரு நிழல் இடத்தை ஒதுக்கி அங்கே எழுதவிடும். எழுதியவருக்குத் திருத்தம் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது.

ஆகவே வலது காது வலியென்று வந்த பெண்மணி, பதிவு கவுண்ட்டரில் வலது காதுப் பெண்மணியாகவும், மேல்மாடியில் இடது காது ஆணாகவும் இருப்பார். பூட்டு வந்து தன் பாஸ்வேர்டைப் போட்டு இன்னொரு தடவை சேமித்தால்தான் மாடிக்கும் தரைக்கும் ஒரே பெண்மணி.

இதற்கு மருந்து பூட்டுக்குத் தெரியும். அந்த ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமையைத் திறந்துவிட்டால் போதும். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. நாளைக்குச் செய்யலாம் என்று அன்றே நினைத்தார். அதற்குள் போன் அடித்தது.

"பூட்டு அண்ணா, கொஞ்சம் வாங்களேன்."

போனார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். டீ வந்தது. பிறந்ததிலிருந்து அவரை யாரும் "வாங்களேன்" என்று கூப்பிட்டதில்லை, "தள்ளுடா" என்றுதான் கேட்டிருக்கிறார். நாளைக்குச் செய்யலாம் என்பது அடுத்த நாளுக்குப் போயிற்று, அங்கிருந்து வருஷங்களுக்குப் போயிற்று.

வீட்டில் அவர் வெறும் பயனர், அதையும் சொல்லிவிட வேண்டும். மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஹாரன் பழுதானாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போகக்கூடிய குரல். டி.வி. ரிமோட், வீட்டுச் சாவி, விருந்தாளியைக் கிளப்பும் பொறுப்பு எல்லாம் அவர் வசம். "ஏங்க, ஆஸ்பத்திரியில ஊருக்கே அனுமதி குடுக்கறீங்களே, ஜன்னலைத் திறக்கட்டுமான்னு என்னைக் கேக்கறீங்க?" என்பார். பூட்டு சிரித்துக்கொண்டே ஜன்னலை மூடிவிடுவார்.

பாஸ்வேர்டு போடுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. முதலில் சுற்றிலும் பார்ப்பார். எல்லாரையும் ஓர் எட்டு தள்ளி நிற்கச் சொல்வார். இடது கையைக் கூடாரம்போலக் கவிழ்த்து, அதற்குள் வலது கையை விட்டு, முதுகை வளைத்து, குஞ்சுகளை இறக்கைக்குள் மூடிக்கொள்ளும் கோழியாகக் கீபோர்டின்மேல் படுத்துக்கொண்டு தட்டுவார். பருந்து வந்தாலும் பார்க்க முடியாது.

ஒரே ஒரு குறை. தட்டும்போது உதடு அசையும்.

லேசாக அசைந்தாலும் பரவாயில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் உதட்டில் முழுசாக வந்து நின்று, வணக்கம் சொல்லிவிட்டுப் போகும். முதலில் கண்டுபிடித்தது பதிவு கவுண்ட்டர் பெண்தான். அவளுக்குப் பட்டாசு என்று பெயர், அவள் தட்டுகிற வேகத்தில் கீபோர்டு வெடிக்கும். அவள் மாமாவிடம் சொன்னாள், மாமா பெரிய சிஸ்டரிடம் சொன்னார். ஆபரேஷன் தியேட்டரை ஆள்கிற பெரிய சிஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை, ஆகவே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காது கேளாதவர்களுக்கு உதட்டசைவு படிக்கச் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் உண்டு. "இவ்வளவு தெளிவான உதட்டை நான் பார்த்ததே இல்லை" என்று அவர் சான்றிதழ் கொடுத்ததாகவும் ஒரு பேச்சு.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி ஒழுங்காக நடந்தது. திருத்தம் செய்தவர்கள், பூட்டின் பாஸ்வேர்டைத் தாங்களே போட்டு இரண்டாம் தடவை சேமித்துக்கொண்டார்கள். ஆனால் கூப்பிடாமலே இருந்துவிட்டால் மனுஷன் நொந்துபோவாரே? அதனால் முறைவைத்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு யாரு பூட்டைக் கூப்பிடற முறை?"

"நேத்துதான் நான் கூப்பிட்டேன். நீ கூப்பிடு. ரெண்டு நாளா முகம் வாடியிருக்கு பாவம்."

இப்படி இருந்த ஒரு நாளில், ஒரு மேசைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து வயர் செருகிக்கொண்டிருந்த பூட்டு எழுந்திருக்கப் பார்த்தார். வலது முட்டி நிமிரவில்லை. மடங்கிய காலோடு அவரை மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுப்பதுபோல இழுத்தெடுத்தார்கள். உள்ளே சவ்வு கிழிந்து மூட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். முட்டிக்கென்று ஒரு நிபுணர் வெளியிலிருந்து வருகிறவர். அவர் வருகை கோடையில் மேகம் மாதிரி, இந்த முறை தவறவிட்டால் மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான். அதுவரை பூட்டுக்கு வீல்சேர். மாடி ஏற முடியாது. மாடி ஏறாத பூட்டை யார் கூப்பிடுவார்கள்?

"ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் பூட்டினீங்க, கடைசியில முட்டி உங்களைப் பூட்டிடுச்சு பாத்தீங்களா" என்று மனைவி சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை இவர் பார்க்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மனைவி அவரைப் பதிவு கவுண்ட்டர் ஓரமாக நிறுத்திவிட்டு டியூட்டிக்குப் பேருந்து எடுக்கப் போய்விட்டார். பட்டாசு அவருடைய பெயரைத் தட்டினாள். சாஃப்ட்வேர் தன் வழக்கப்படி 'ஆண், இடது' என்று மாடிக்கு அனுப்பியது. ஆண் சரி. பக்கத்தை அவள் வலது என்று மாற்றினாள். அவள் திரையில் வலது. இனி இரண்டாம் சேமிப்பு.

அங்கேதான் வினை. பாஸ்வேர்டின் சொந்தக்காரர் அவள் விரலையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணா, உங்க பாஸ்வேர்டைப் போட்டு ஒரு தடவை சேமிச்சிடறீங்களா?"

பூட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "சேச்சே. நான் இன்னைக்கு லீவும்மா. லீவுல இருக்கிறவன் கீபோர்டைத் தொடக்கூடாது. யாரு போட்ட ரூல்?"

"நீங்க போட்டதுதான்."

"அப்புறம் நானே மீறலாமா? எனக்குப் பதிலா நாளைக்குக் காலையில ஒருத்தர் வர்றார். அவர் எல்லாத்தையும் சேமிச்சுக் குடுப்பார்."

"இது உங்க முட்டிண்ணா."

"முட்டி யாருதா இருந்தா என்ன? ரூல் ரூல்தான்."

சரி, இவர் நகர்ந்ததும் நாமே போட்டுக்கொள்வோம் என்று பட்டாசு காத்திருந்தாள். இவர் நகரவில்லை. கேண்டீனில் டீ நன்றாக இருக்கிறது என்றாள், வயிறு சரியில்லை என்றார். வீல்சேருக்குக் காற்று இறங்கியிருக்கிறது என்றாள், இது காற்றடிக்கிற சக்கரமில்லை என்று தட்டிக் காட்டினார். போதாக்குறைக்கு, பாஸ்வேர்டை ஏன் யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் வேறு. "பெத்த தாய் கேட்டாலும் சொல்லக்கூடாதும்மா. என்னோடது இத்தனை வருஷத்துல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியுமா சொல்லு?" என்றார். பட்டாசு இருமினாள். கவுண்ட்டர் மூடுகிறவரை அவர் அங்கேயேதான் இருந்தார். காலையில் முதல் வேலையாகச் செய்துவிடலாம் என்று அவளும் வீட்டுக்குப் போனாள்.

காலையில் தியேட்டர் லிஸ்ட் அவளுக்கு முன்னாலேயே அச்சாகிவிட்டது. பதிலுக்கு வந்த ஆளும் வந்தார்தான். ஆனால் அவருக்கான பாஸ்வேர்டைப் பூட்டு ஓர் உறையிலிட்டு, உறையை அலமாரியில் வைத்து, அலமாரி இருந்த அறையைப் பூட்டி, சாவியைத் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டிருந்தார். பேன்ட் மனைவியின் பைக்குள் இருந்தது. வந்தவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார் பூட்டு. கண்ணாடியைக் கழற்றி வாங்கியாகிவிட்டது. ஒரு கையில் ஊசி, இன்னொரு கை பயத்தில் கம்பியைப் பிடித்திருந்தது. பெரிய சிஸ்டர் லிஸ்ட்டைப் படித்தார்.

"ஆண். இடது முட்டி."

"வலது!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார் பூட்டு. "சிஸ்டர், வலது!"

முட்டி நிபுணர் காகிதத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். மடங்கிய கால் எதுவென்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவருக்கும் ஒரு ரூல் இருந்தது. "லிஸ்ட் ஒண்ணு சொல்லுது, ஆள் ஒண்ணு சொல்றார். ரெண்டும் ஒரே மாதிரி சொல்லாம நான் கையை வைக்க மாட்டேன். உங்க கம்ப்யூட்டர்ல சரிபண்ணிக் குடுங்க. இல்லேன்னா அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னா எப்போ டாக்டர்?" என்றார் மனைவி. டாக்டர் கூரையைப் பார்த்தார். கோடை மேகம் அங்கேதான் இருப்பதுபோல.

பட்டாசைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஓடி வந்தாள். தியேட்டர் வாசல் கணினி முன்னால் உட்கார்ந்து வலது என்று மாற்றினாள். இரண்டாம் சேமிப்புக்குப் பாஸ்வேர்டு கேட்டது. அவள் விரல்கள் தாமாகவே கிளம்பிவிட்டன, அவள்தான் பிடித்து நிறுத்தினாள். பெரிய சிஸ்டர் கண்ணால் 'போடு' என்றார். அவள் தலையை ஆட்டினாள். இவர் கண்ணெதிரே போட்டால் முட்டி பிழைக்கும், மனுஷன் பிழைப்பாரா?

"அண்ணா," என்றாள். "பாஸ்வேர்டு கேக்குது."

"நானே போடறேன். என்னை இறக்குங்க."

"கண்ணாடி இல்லாம எதுல போடுவீங்க, பிளட் பிரஷர் மெஷின்லயா?" என்றார் சிஸ்டர். "அசையக்கூடாது. வாயால சொல்லுங்க."

பூட்டு காலைப் பார்த்தார். கணினி இருந்த திசையைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓடியதைப் பார்த்தவர்கள், ஒரு காலை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்கிறார்கள்.

"ஏங்க, சொல்லித் தொலைங்களேன்! ஆஸ்பத்திரி கஜானாவா கொள்ளைபோகுது?" என்றார் மனைவி.

"நீ முதல்ல வெளிய போ."

"நான் எதுக்குப் போகணும்?"

"சரி, போகவேண்டாம். எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

நின்றார்கள். நிபுணர், சிஸ்டர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், மனைவி எல்லாரும் வகுப்பில் தண்டனை பெற்ற பிள்ளைகள்போல வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஸ்ட்ரெச்சரைக் கணினியோடு ஒட்டி நிறுத்தியிருக்க, பூட்டு பட்டாசின் காதருகே குனிந்து ரகசியம் சொல்லத் தொடங்கினார். வறண்ட வாயில் ரகசியம் கொஞ்சம் உரக்கவே வந்தது. அது ஒரு பேருந்தின் எண். அதன் பிறகு வரவேண்டியது ஒரு கடைசி நிறுத்தத்தின் பெயர். என்ன எண், எந்த நிறுத்தம் என்று இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

எண்ணை மட்டும்தான் சொல்லி முடித்திருப்பார். டப்பென்று என்டர் விழுந்தது. திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது.

பூட்டு நிறுத்தினார். "நான் இன்னும் ஸ்டாப் பேரைச் சொல்லலையேம்மா."

பட்டாசு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் கொஞ்சம் வேகமா தட்டுவேண்ணா."

சுவரோரம் நின்ற தோள்களெல்லாம் குலுங்கின. ஒரு தோள் மட்டும் குலுங்கவில்லை. மனைவி திரும்பிவிட்டார்.

"அந்த வண்டியா? நான் முதமுதல்ல ஓட்டின அந்த ஓட்டை பஸ்ஸா? எறங்கவேண்டிய எடத்தைத் தாண்டி, தினமும் கடைசி ஸ்டாப் வரைக்கும் உக்காந்து வருவீங்களே, அந்த வண்டியா?"

பூட்டு பதில் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சர் கிளம்பிவிட்டது.

கண்விழித்தபோது கட்டு வலது காலில் இருந்தது. அவர் முதலில் இடது காலைத் தொட்டுப் பார்த்து அது பழையபடி இருப்பதை உறுதிசெய்துகொண்டார், பிறகு வலது காலை, பிறகு மறுபடி இடது காலை. பக்கத்தில் மனைவி.

"எல்லாருக்கும் தெரியும்போல," என்றார் பூட்டு மெதுவாக.

"ஆமா. டீ கொண்டுவர்ற ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. கட்டின பொண்டாட்டிக்குத்தான் இன்னைக்குத் தெரியுது. இதையெல்லாம் ஒரு மனுஷன் கம்ப்யூட்டர்கிட்டயா சொல்லுவான்?" என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டார். அன்று முழுக்கக் குரல் ஹாரன் அளவுக்கு ஏறவே இல்லை.

கைத்தடியோடு வேலைக்குத் திரும்பிய நாளில் பூட்டு நேரே தன் அறைக்குப் போனார். டீ வந்தது. அது ஆறுவதற்குள் அந்த ஃபோல்டரைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து யார் திருத்தினாலும் திருத்தம் எல்லா மாடிக்கும் தெரிந்தது. மருந்துக்கடைக் கடிகாரத்துக்கும் புது பேட்டரி போட்டார். இளமை போய்விட்டதே என்று மாமா முகத்தைத் தொங்கப்போட்டார்.

பிறகு தன் பாஸ்வேர்டை மாற்றினார். இந்தத் தடவை ஏமாறத் தயாராயில்லை. உதடுதானே காட்டிக்கொடுத்தது? புதிதாக ஒரு முறை கண்டுபிடித்தார். பாஸ்வேர்டு போடுமுன் ஒரு வாய் தண்ணீரை எடுத்து அடக்கிக்கொள்வார். கன்னம் இரண்டும் பந்தாக உப்பியிருக்கும், உதடு அசையாது. தட்டி முடித்ததும் விழுங்கிவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பார். எப்படி?

அவர்களும் கூப்பிடாமல் விடவில்லை. தேவையில்லாமல் போன பிறகும் முறைவைத்துத்தான் கூப்பிட்டார்கள், டீயும் கொடுத்தார்கள்.

ஒரு நாள் அவர் மருந்துக்கடைக் கணினிமேல் வாயில் தண்ணீரோடு குனிந்திருந்ததை, மருந்து வாங்க வந்த பட்டாசு கவுண்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போன பிறகு மாமா கேட்டார்:

"என்ன, ஏதாவது தேறுச்சா?"

"வாயில தண்ணி இருந்தா விரல் மெதுவா போகுது மாமா. முன்னைவிட இப்பதான் நல்லாத் தெரியுது."

"அதான் ஃபோல்டரைத் திறந்துவிட்டுட்டாரேம்மா, இனிமே அது நமக்கு எதுக்கு?"

"தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது மாமா," என்றாள் பட்டாசு. "அவருக்கு இன்னொரு முட்டி இருக்கே."